நடுவட்டத்துச் சீனக் குடும்பத் தலைவர்

அரியலூர், பெரம்பலூர் வட்டார விசுவாசிகளுக்கு வெளிநாட்டார் புதியவர் அல்லர். 1680-ல் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர், கொள்ளிடத்தின் வடபால் உள்ள ஏலாக்குறிச்சியில் தங்கி, அதற்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, தமிழ்த் துறவியின் கோலத்தில் வாழ்ந்தார். அவரை இத்தாலியர் என்று இன்று நம்மில் யார் எண்ணுகிறோம்? நூல் எதுவும் எழுதாத, ஆலயம் எதுவும் கட்டாத மற்றோர் அந்நியரை இந்த ஜூபிலி மலரில் நினைவுகூர விரும்புகிறோம். அவர் சீனர், கிறிஸ்தவரானவர், தமிழ்ப் பெண்ணின் கணவர். வாழ்ந்த இடம் நீலகிரி மலையில், நடுவட்டத்திற்கும் கூடலூருக்கும் இடைப்பட்ட சரிவு.

சென்னை அரசு அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட பெருநூலில் இக்குடும்பத்தைப் பற்றிய குறிப்பு ஒன்று இருக்கிறது. மிகச் சிறிய குறிப்புதான். ஆனால் ஊன்றிப் படித்தால் ஒரு மனிதரின் வாழ்க்கை முழுவதும் அதில் அடங்கியிருப்பது விளங்கும்.

சீனர் அந்த மலைக்கு வந்த காரணத்தை முதலில் பார்ப்போம். மலேரியாக் காய்ச்சலுக்கு அக்காலத்தில் இருந்த ஒரே நல்ல மருந்து கொய்னா. அது சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கப்படுவது. தென் அமெரிக்காவின் பெரு நாட்டிலிருந்து பதினேழாம் நூற்றாண்டில் இப்பட்டையை ஐரோப்பாவுக்கு அனுப்பியவர்கள் சேசு சபைக் குருக்கள். ஆகவே ‘சேசு சபையார் பட்டை’ என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. 1860 முதல் ஆங்கில அரசு அந்த மரத்தை நீலகிரியில் பயிரிடத் தொடங்கியது. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. காடு வெட்டவும் குழி தோண்டவும் கூலியாட்கள் போதவில்லை. அப்போதுதான் கைதிகளைக் கொண்டுவந்து வேலை வாங்கும் யோசனை பிறந்தது.

சீனக் கைதிகள் வந்தது பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து. அங்குள்ள சிறைகளில் இடம் போதாமல் அவர்களைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார்கள் என்று 1908-ல் வெளியான நீலகிரி மாவட்ட விவரச்சுவடி கூறுகிறது. அபினிப் போரில் பிடிபட்ட வீரர்கள் இவர்கள் என்று சொல்வோரும் உண்டு. கேட்கச் சுவையான கதை. ஆயினும் விவரச்சுவடி சொல்வதே நமக்கு ஏற்புடையதாகப் படுகிறது. இதில் ஒரு விந்தையையும் கவனிக்க வேண்டும். அதே காலத்தில் நம் நாட்டுக் கைதிகளைக் கப்பலேற்றிச் சிங்கப்பூருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அங்குள்ள புனித அந்திரேயா பேராலயம் இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழும்பியது. இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே. கடல் ஒன்றுதான், விலங்கும் ஒன்றுதான்.

தென்மேற்குப் பருவமழை நேராக வந்து அறையும் அந்தச் சரிவில் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமாக இராது. 1860-களின் பிற்பகுதியில் சிலர் புயலடித்த ஓர் இரவில் தப்பி ஓடினர். பிறகு மலையாளத்துப் பக்கம் பிடிபட்டனர். அவர்களைத் தேடிச் சென்ற காவலர் நால்வர் தலை துண்டிக்கப்பட்டுக் காட்டில் கிடந்தனர். இக்கொடிய செய்தி பல நூல்களில் ஏறிவிட்டது. தண்டனைக் காலம் முடிந்தபின் யாருக்கும் தீங்கு நினையாமல் அங்கேயே தங்கி, தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டுப் பிழைத்த சீனரைப் பற்றியோ யாரும் அதிகம் எழுதவில்லை. தர்ஸ்டன் கண்டது அவர்களுடைய சிறு குடியிருப்பைத்தான்.

தர்ஸ்டனுக்கு மனிதரின் தலையையும் மூக்கையும் அளப்பதில் தீராத ஆசை. இவ்வீட்டிலும் அளவுகோலை எடுத்துவிட்டார். தந்தை சீனர், தாய் பறையர் குலத்துத் தமிழ்ப் பெண், பிள்ளைகளின் நிறமும் கண்ணும் மூக்கும் தந்தையையே ஒத்திருந்தன என்று எழுதினார். பெற்றோரின் பெயர் அக்குறிப்பில் இல்லை. தந்தை சொன்ன குறை ஒன்று மட்டும் இருக்கிறது: கிறிஸ்தவராகும்போது தம் பின்சடையை வெட்டிக்கொள்ள நேர்ந்ததே என்பதுதான் அது. அவர் பேசிய கொச்சை ஆங்கிலத்தை அப்படியே எழுதி, வேடிக்கைபோல் சொல்லிச் செல்கிறார் தர்ஸ்டன்.

நமக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. ஆண்கள் முன்தலையை மழித்துப் பின்னால் சடை வளர்க்க வேண்டும் என்பது 1645-ல் மஞ்சு அரசர் சீனாவில் விதித்த கட்டளை. மீறினால் மரணம். 1911 புரட்சி வரும்வரை, சடையில்லாத தலை கலகக்காரனின் தலையாகவே அங்கே கருதப்பட்டது. ஆதலால் கடல்கடந்து போன சீனன், என்றாவது ஒருநாள் ஊர் திரும்பலாம் என்ற நம்பிக்கையோடு தன் சடையைக் காத்துவந்தான். அதை வெட்டியபோது நம் நடுவட்டத்துப் பெரியவர் இழந்தது முடியை மட்டுமா? பெற்றோரின் கல்லறையைக் காணும் வழியும் அன்றோடு அடைபட்டது.

இவ்வளவும் தேவைதானா என்று கேட்பதற்கு நம் திருச்சபையின் வரலாற்றிலேயே இடமுண்டு. மதுரையில் தத்துவ போதகர் காலத்தில் குடுமியைப் பற்றிப் பெரும் வழக்கு எழுந்தது. குடுமி நாட்டு வழக்கம். விசுவாசத்துக்குத் தடையாகாது என்று வாதிட்டார் அவர். 1623-ல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் அதற்கு அனுமதி தந்தார். தமிழனின் குடுமிக்குக் கிடைத்த அந்தச் சலுகை, இரண்டரை நூற்றாண்டுக்குப் பிறகு ஒரு சீனரின் சடைக்குக் கிடைக்கவில்லை. அவருடைய ஒரே குறை நியாயமான குறை என்றே சொல்வோம்.

அந்தத் தாயையும் மறக்கலாகாது. விலங்கு பூட்டிக் கொண்டுவரப்பட்ட இனத்தாருள் ஒருவரோடு, மொழி வேறு, உணவு வேறு என்று பாராமல் குடித்தனம் நடத்தினார். தம் சொந்த நாட்டிலேயே தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட பெண் அவர். ஊரார் இருவரையுமே ஒதுக்கியிருப்பார்கள். மலைச்சரிவில் ஒரு காணித் தோட்டம் அவர்களுக்கு ஊராயிற்று.

நடுவட்டத்துப் பழைய சிறை இன்றும் நிற்கிறது. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அதைக் காட்சிச் சாலையாக வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்திலிருந்து உதகைக்குச் சுற்றுலா செல்வோர் பெரும்பாலும் தாவரவியல் பூங்காவையும் ஏரியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கூடலூர் சாலையில் 30 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம் போனால் நடுவட்டம். மழைக்காலமானால் கம்பளி கொண்டுபோவது நல்லது.