காலாப்பட்டைக் கடக்கும் கார்கள்

புதுச்சேரி நகரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே கிளம்புகிறவர், காலாப்பட்டு போய்ச் சேர்வதற்குள் இரண்டு முறை எல்லை தாண்டிவிடுகிறார். முத்தியால்பேட்டை முடிந்ததும் கோட்டக்குப்பம். அது விழுப்புரம் மாவட்டம். பொம்மையார்பாளையத்தைக் கடந்தால் மறுபடி புதுச்சேரி: பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு, கனகசெட்டிக்குளம். அதற்கும் வடக்கே திரும்பவும் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரர்கள் துண்டு துண்டாக நிலம் வைத்திருந்ததன் மிச்சம் இது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் கைமாறியது. கோடுகள் மட்டும் அழியவில்லை.

1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான புதுச்சேரிப் பல்கலைக்கழகம், மத்தியச் சிறை, கடலோரத்தில் மீனவர் குடியிருப்புகள் என்று நீளும் ஊர் காலாப்பட்டு. ஞாயிறு காலைகளில் இதன் ஊடாக வேறொரு கூட்டம் போய்வரும். சென்னையிலிருந்து விடியுமுன் கிளம்பி, புதுச்சேரியில் காலை உணவை முடித்துத் திரும்பும் கார்ப் பித்தர்கள். விலையுயர்ந்த ஜெர்மன் கார்கள் அந்தக் கூட்டத்தில் உண்டு. பதினைந்து, இருபது ஆண்டுப் பழைய ஹோண்டா சிட்டிகளும், பளபளவென்று துடைத்த போலோக்களும் உண்டு. நடுத்தரச் சம்பளக்காரர் வாங்கக்கூடிய விலையில் புதிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வந்தால், அந்தப் பழைய சிட்டியை ஓட்டுகிறவர் அதை விற்றுவிட்டுப் புதியதற்கு மாறுவாரா? வண்டலூரிலும் சோழவரத்திலும் கோயம்புத்தூர்ப் பட்டறைகளிலும் அறுபது ஆண்டுகளாக நடந்தவற்றைப் பார்த்தால் இதற்கு ஓரளவு விடை கிடைக்கிறது.

1953இல் மத்திய அரசு ஒரு முடிவெடுத்தது. வெளிநாட்டு உதிரிப் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி விற்பது மட்டும் போதாது. இங்கேயே தயாரிக்கத் திட்டம் உள்ள நிறுவனங்களுக்குத்தான் இடம். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. கல்கத்தாவில் ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு ஆகிய மூன்றும்தான் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு இந்தியரின் கார் உலகம் என்றாயிற்று.

வண்டலூர் ஆலையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961இல் ஹெரால்ட் காரைக் கொண்டுவந்தது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவான்னி மிக்கெலோட்டி வரைந்த சிறிய கார். பானெட் முழுவதும் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகத் திறக்கும். மெக்கானிக் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். குறுகலான தெருவிலும் ஒரே வெட்டில் திரும்பிவிடும். மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் விரும்பி வாங்கினார்கள்.

அதே ஹெரால்டின் சேசிஸை நீளம் குறைத்து, அதே மிக்கெலோட்டி வரைந்த இரண்டு இருக்கை உடலைப் பூட்டி, 1962இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற பெயரில் விற்றார்கள். சாமானியரும் வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயர் பெற்று, 1980 வரை 3 லட்சத்துக்கும் மேல் உற்பத்தியான வண்டி அது. அதன் எலும்புக்கூடு வண்டலூரில் இருந்தது. ஸ்பிட்ஃபயர் மட்டும் இங்கே வரவில்லை. இரும்புக்கும் அந்நியச் செலாவணிக்கும் தட்டுப்பாடு நிலவிய நாட்டில் இரண்டு பேர் மட்டும் உட்காரும் காருக்கு உரிமம் கேட்க யாருக்கும் துணிவில்லை. மாறாக, ஹெரால்டுக்கு நான்கு கதவு வைத்த வகையை இந்தியாவுக்கென்றே உருவாக்கினார்கள். இங்கே காரென்றால் தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை ஏறியாக வேண்டும்.

வேகம் வேண்டியவர்கள் சோழவரம் போனார்கள். இரண்டாம் உலகப் போரின்போது சென்னைக்கு வடக்கே போடப்பட்ட விமான ஓடுதளம் அது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே ஆண்டுதோறும் பந்தயம் நடத்தியது. வைக்கோல் பொதிகளையும் பீப்பாய்களையும் அடுக்கிய வளைவுகளில் ஹெரால்டுகளும் ஃபியட்டுகளும் அம்பாசடர்களும் சீறின. இறக்குமதி வசதி படைத்தவர்கள் தனி ரகம். விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா 1 காரையே அங்கு ஓட்டினார். ஆனால் கூட்டம் ஆரவாரம் செய்தது பெரும்பாலும் தன் வீட்டு வாசலில் நிற்கும் அதே காரின் உருமாறிய வடிவத்துக்குத்தான். சிலிண்டர் ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சீவி அழுத்தத்தைக் கூட்டுவது, போர்ட்டுகளைக் கையால் தேய்த்து வழவழப்பாக்குவது, இரட்டைக் கார்புரேட்டர் பூட்டுவது, பின் இருக்கையைக் கழற்றி எறிவது. திங்கட்கிழமை அதே வண்டி அலுவலகத்துக்கும் போக வேண்டும்.

இந்தப் பழக்கத்தை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனவர் கோயம்புத்தூர்க்காரரான எஸ். கரிவரதன். வெளிநாட்டு ஃபார்முலா காரின் விலை எட்டாக்கனி. அப்படியானால் உள்ளூரில் கிடைப்பதை வைத்துச் செய்வோம் என்று இறங்கினார். 1983இல் வந்த மாருதி 800 காரின் 796 சி.சி. எஞ்சின், இரும்புக் குழாய்ச் சட்டம், ஒற்றை இருக்கை. 1980களின் இறுதியில் இப்படிப் பிறந்ததுதான் ஃபார்முலா மாருதி. எல்லோருக்கும் ஒரே எஞ்சின், ஆகவே பணத்தைவிட ஓட்டும் திறமைக்கு மதிப்பு. 1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தடம் திறந்தபின், பின்னாளில் ஃபார்முலா 1 வரை போன நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது இந்த வகைக் காரில்தான். 1995இல் சிறுவிமான விபத்தில் கரிவரதன் இறந்தார். செட்டிப்பாளையத்தில் உள்ள தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆக, தென்னாட்டுக் கார்ப் பித்தருக்கு மலிவான ஸ்போர்ட்ஸ் கார் கடையில் வாங்கும் பொருளாக இருந்ததில்லை. பட்டறையில் பிறப்பிக்கும் பொருளாக இருந்தது.

கடையில் வாங்கும்படியான ஒன்று முதன்முதலாக வந்தது 1990களின் இறுதியில். பெங்களூரைச் சேர்ந்த சான் மோட்டார்ஸ் கோவாவில் தயாரித்த சான் ஸ்டார்ம். கண்ணாடியிழை உடல், இரண்டு இருக்கை, திறந்த மேற்பகுதி. வரைந்தது பிரெஞ்சு நிறுவனம். எஞ்சினும் ரெனோவின் 1,149 சி.சி. புதுச்சேரிக் கடற்கரைக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி உண்டா என்று தோன்றும். எதிரே வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பழைய ரசிகர்கள் மட்டும் மயங்கவில்லை. எஞ்சினின் திறன் 60 குதிரை. 1999இல் சென்னைக்குப் பக்கத்து மறைமலை நகரிலிருந்து வெளிவந்த ஃபோர்டு ஐகான் 1.6, ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு 92 குதிரைத்திறனோடு ஓடியது. சிறிது காலத்தில் ஹோண்டா சிட்டி விடெக் 106 குதிரைத்திறனோடு வந்தது. திருவள்ளூரில் மிட்சுபிஷி லான்சர் தயாராகிக்கொண்டிருந்தது. ராலிகளில் மண் கிளப்பிய அந்தக் கார் தீபாவளிக்குக் குடும்பத்தையும் ஊருக்குக் கூட்டிப்போகும். இவற்றுக்கு நடுவில் தோற்றத்தில் மட்டும் ஸ்போர்ட்ஸாக இருந்த ஸ்டார்ம் எடுபடவில்லை. இன்று அதைச் சாலையில் காண்பதே அரிது.

இதே ஆண்டுகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையும் மாறியது. மீனவக் கிராமங்களை இணைத்த ஒடுங்கிய பாதைகள் அகலப்படுத்தப்பட்டு, 2002 முதல் சுங்கச் சாலையாயின. வளைவுகள், ஒருபக்கம் கடல், மறுபக்கம் உப்பளமும் சவுக்குத் தோப்பும். சென்னையின் கார் ரசிகர்களுக்கு இது வாரயிறுதிப் பாதையாயிற்று. குறுக்கே கடந்துபோகிற மீனவப் பெண்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அந்த வேகம் உவப்பாக இருந்ததில்லை. சாலைப் பந்தயம் ஓட்டுகிறவர்களைக் காவல்துறை மடக்குவதும் அப்போது முதல் வழக்கமான செய்தியானது.

காலாப்பட்டு வழியே போகும் உயர்ரகக் கார்கள் பலவற்றில் புதுச்சேரிப் பதிவெண் இருக்கும். ஓட்டுகிறவர் சென்னைக்காரராகவோ கொச்சிக்காரராகவோ இருக்கலாம். அண்டை மாநிலங்களில் வாழ்நாள் வரி காரின் விலையில் இத்தனை விழுக்காடு என்று போகும். தமிழ்நாட்டில் 2023 நவம்பருக்குப் பின் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட காருக்கு 20 விழுக்காடு. புதுச்சேரியிலோ காரின் விலை ஏறும் வேகத்தில் வரி ஏறவில்லை. கோடி ரூபாய்க் காருக்கு மிச்சமாகும் தொகையில் இன்னொரு நல்ல காரே வாங்கிவிடலாம். மோட்டார் வாகனச் சட்டப்படி, வண்டி வழக்கமாக நிற்கும் உரிமையாளரின் வீடோ தொழிலிடமோ உள்ள மாநிலத்தில்தான் பதிய வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே பதிவை மாற்ற வேண்டும். 2017இல் கேரளத் திரையுலகினர் சிலரின் புதுச்சேரிப் பதிவுகள் வழக்காக வெடித்தபோது இந்த விதிகள் ஊர்ப்பேச்சாயின.

இந்த வரிச் சலுகை சூப்பர் காரை மலிவாக்கியதே தவிர, மலிவு விலை ஸ்போர்ட்ஸ் காருக்கு எதுவும் செய்யவில்லை. எட்டு லட்சம் ரூபாய்க் காரில் மிஞ்சுவது, முகவரிச் சான்றுக்கு அலைகிற அலைச்சலுக்குக்கூடக் காணாது.

மத்திய அரசின் வரிக்கோடு அதைவிட ஆழமாகக் கீறியது. 2006 பட்ஜெட்டில், நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.க்குள் இருந்தால் சிறிய கார் என்று சொல்லிக் கலால் வரியை 24இலிருந்து 16 விழுக்காடாகக் குறைத்தார்கள். அன்று முதல் இந்தியக் காரின் அளவைப் பொறியாளரோடு வரித்துறையும் சேர்ந்து வரைகிறது. 1989இல் வெளிவந்து 2016இல் 10 லட்சத்தைத் தொட்ட மாஸ்டா எம்.எக்ஸ்-5, உலகெங்கும் சாமானியரின் ஸ்போர்ட்ஸ் கார். அதன் இன்றைய தலைமுறை 3.9 மீட்டர் நீளந்தான். ஆனால் மிகச் சிறிய எஞ்சினே 1.5 லிட்டர். கோட்டுக்கு வெளியே நின்றுவிட்டது. இந்தியாவில் அது விற்கப்படவேயில்லை. 1980களின் கொரோலா ஒன்றின் மீது ஜப்பானியர் கொண்ட மோகத்தை நினைவில் வைத்து டொயோட்டா 2012இல் கொண்டுவந்த 86 காரும் இங்கு வரவில்லை.

கோட்டுக்குள்ளேயே நின்று ஒரு முயற்சி செய்தவர்கள் மறுபடியும் கோயம்புத்தூர்க்காரர்கள். பந்தய ஓட்டுநரும் பொறியாளருமான ஜே. ஆனந்தின் ஜேயெம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடா மோட்டார்ஸும் 2017இல் கூட்டு நிறுவனம் தொடங்கின. 2018 அக்டோபரில் டியாகோ ஜே.டி.பி. 6.39 லட்சத்துக்கும் டிகோர் ஜே.டி.பி. 7.49 லட்சத்துக்கும் வந்தன. சாதாரண டியாகோவின் 85 குதிரைத்திறன், டர்போ பூட்டிய 1.2 லிட்டர் எஞ்சினால் 114 ஆனது. கியர் விகிதமும் சஸ்பென்ஷனும் மாறின. கையால் போடும் ஐந்து கியர் அப்படியே இருந்தது. சோழவரத்து லேத் வேலை, கம்பெனி வாரண்டியோடு ஷோரூமுக்கு வந்தது போன்ற கார். பழைய ரசிகர்களிடம் இதற்கு உடனே மதிப்புக் கிடைத்தது. தொழில் தெரிந்தவன் செய்த வண்டி என்ற நம்பிக்கை ஒரு காரணம்.

சில மாதங்களில் இன்னொரு காரணமும் சேர்ந்தது. தயாரிப்பாளர் கொடுத்த வடிவிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. சாலையில் ஓடும் காரைப் பட்டறையில் உருமாற்றும் பழக்கம் சட்டத்தின் முன் குற்றமாக நிலைத்தது. இனி வேகம் வேண்டுமென்றால் கம்பெனியே அதைக் கொடுத்தாக வேண்டும். ஆனால் ஜே.டி.பி.யின் ஆயுள் குறுகியது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசு விதி வந்தபோது, புதிய விதிக்கேற்ப மறுபடி உருவாக்கும் செலவைத் தாங்குமளவு விற்பனை இல்லை. கூட்டும் முடிவுக்கு வந்தது.

அந்த இடத்துக்கு 2021 செப்டம்பரில் ஹூண்டாய் வந்தது. ஐ20 என் லைன்: நீளம் 3,995 மி.மீ., எஞ்சின் 998 சி.சி., 120 குதிரைத்திறன், தொடக்க விலை 9.84 லட்சம். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குப் பக்கத்திலேயே உள்ள ஆலையின் தயாரிப்பு. இரட்டைப் புகைக்குழாயும் உறுமல் சத்தமும் இளைஞர்களைக் கவர்ந்தன. மூத்தவர்கள் முதலில் பார்த்தது கால்மாட்டை. கிளட்ச் பெடல் இல்லை. கையால் கியர் மாற்றினாலும் கிளட்சைக் கணினி பார்த்துக்கொள்ளும் ஐ.எம்.டி. முறை. இதே குறையை 2013இல் வந்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. மீதும் சொன்னார்கள், அதில் தானியங்கி மட்டுந்தான். ஃபோக்ஸ்வாகன் 2020இல் போலோ டி.எஸ்.ஐ.யில் கைக்கியர் கொடுத்தது. ஹூண்டாய் 2023இல் ஐ.எம்.டி.யை எடுத்துவிட்டு, மூன்று பெடல்களுடன் ஆறு கியரை வைத்தது.

பழைய ரசிகர்கள் கேட்பது இதிலிருந்து தெளிவாகத் தெரிகிறது. அவர்களுக்குக் குறைந்த விலை ஒரு பொருட்டுதான். ஆனால் அது முதல் பொருட்டல்ல. ஓட்டுகிறவன் செய்ய ஏதாவது வேலை மிச்சமிருக்க வேண்டும். வீட்டாரையும் ஏற்றிச் செல்ல வேண்டும். இந்த இரண்டும் இருந்த விடெக்கும் போலோவும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வீட்டாரை ஏற்ற முடியாத, திறனும் குறைந்த ஸ்டார்ம் மறைந்தது.

அந்தத் தேவைக்கு இன்று சந்தை சொல்லும் விலை வேறு. 2025 மே மாதம் இறக்குமதியான கோல்ஃப் ஜி.டி.ஐ. ஏறத்தாழ 53 லட்சம். முதல் 150 கார்களும் விற்றுத் தீர்ந்தன. அக்டோபரில் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். சுமார் 50 லட்சம். 100 கார்களும் உடனே போய்விட்டன. ஐரோப்பாவில் ஆசிரியரும் எழுத்தரும் வாங்கிய பரம்பரையில் வந்த கார்கள் இவை. இரண்டிலும் கிளட்ச் பெடல் கிடையாது.

2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மாறியபோதும் அந்தப் பழைய கோடு நகரவில்லை. 4 மீட்டர், 1,200 சி.சி.க்குள் இருக்கும் பெட்ரோல் காருக்கு 18 விழுக்காடு, தாண்டினால் 40. கோயம்புத்தூரிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ அடுத்த மலிவு விலை வேகக் காரை யார் வரைந்தாலும், முதலில் கையிலெடுக்க வேண்டியது அந்த 4 மீட்டர் அளவுகோலைத்தான்.