காணா வாயுவும் உரிமச் சட்டமும்



புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து புக்கிட் தீமா குன்றை நோக்கி நடப்போர், பழைய கற்குவாரிகளின் கருங்கற் சுவர்களைக் கண்டிருப்பர். கருங்கல்லில் மிகச் சிறிதளவு யுரேனியம் உண்டு. அது சிதைந்து ரேடியமாகி, ரேடியத்திலிருந்து ரேடான் என்னும் கதிரியக்க வாயு பிறக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

1879-இல் ஜெர்மனியின் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளரை வாட்டிய நோய் நுரையீரற் புற்று என்று மருத்துவர் இருவர் கண்டறிந்தனர். 1900-இல் டோர்ன் என்பார் ரேடியத்திலிருந்து வாயு வெளிப்படுவதைக் கண்டார். அந்நோய்க்கு இவ்வாயுவே காரணம் என்பது பின்னரே தெளிவாயிற்று. ஆயினும் அது சுரங்கத்திற்குரிய கேடு என்றே பலரும் எண்ணியிருந்தனர்.

1984 டிசம்பரில் அவ்வெண்ணம் தகர்ந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், மின்னுற்பத்தி தொடங்கியிராத லிமெரிக் அணுமின் நிலையத்தில் ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர் நுழைந்ததும் கதிர்வீச்சு எச்சரிக்கை ஒலித்தது. கதிரியக்கம் அவர் வீட்டிலிருந்தே வந்தது! அங்கு ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 2,700 பிக்கோகியூரி ரேடான் இருந்தது. 4 பிக்கோகியூரி இருந்தாலே சீர்செய்ய வேண்டும் என்பது இன்றைய அமெரிக்க அறிவுரை.

அச்சம் பரவவே, வீடுகளைச் சோதிப்பதும் சீர்செய்வதும் ஒரு தொழிலாயின. கூரை ஒழுகினால் நம் கண்ணே காட்டிக்கொடுக்கும். ரேடான் குறைந்ததா என்பதைக் கருவியன்றி யார் அறிவார்? ஆகவே 1987-இல் பென்சில்வேனியா, இப்பணிகளைச் செய்வோர் அரசுச் சான்று பெறவேண்டும் எனச் சட்டம் இயற்றியது. அடித்தளத்தின் கீழ்க் குழாய் பதித்து, விசிறியால் வாயுவை உறிஞ்சிக் கூரைக்கு மேல் வெளியேற்றுவதே வழக்கமான சீரமைப்பு.

ரேடான் பெரும்பாலும் மண்ணிலிருந்து கசிகிறது. குளிர்நாடுகளின் அடைத்த வீடுகளில் தேங்குகிறது. சன்னல் திறந்த நம் அடுக்குமாடி வீடுகளில் காற்றோட்டம் அதைக் கலைத்துவிடும். எனினும் நம் பிள்ளைகள் பலர் மேலைநாடுகளில் வீடு வாங்குகின்றனர். அவர்களுக்கு மூன்று செய்திகளைச் சொல்லலாம். வல்லுநரின் உரிமத்தையோ சான்றிதழையோ, வழங்கிய அமைப்பிடமே சரிபார்த்தல் வேண்டும். சோதிப்பவரும் சீர்செய்பவரும் வெவ்வேறானவராக இருத்தல் நன்று. பணி முடிந்தபின் மறுபடியும் சோதித்தல் வேண்டும்.

இங்கு மின்கம்பி மாற்ற, எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்றவரையே நாம் அழைக்கிறோம். மின்சாரமும் கண்ணுக்குத் தெரிவதில்லை அல்லவா? உரிமத்தைக் காட்டுமாறு கேட்பது எவருக்கும் அவமதிப்பு அன்று. இதைப் பிள்ளைகளுக்கும் கற்பிப்போம்.