அச்சப் பரப்புரையும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும்

அச்சமூட்டிப் பொதுமக்களை நம்பவைக்க முடியுமா? 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைச் சுற்றிப் பரப்பப்படும் 'பொய் வழக்கு' அச்சம், முடியும் என்றே காட்டுகிறது. விடுதலை என்றாலே பொய் வழக்கு என்று கணக்கிடும் இப்பரப்புரை. சாட்சி சொன்னவர் மறுநாளும் ஆதிக்கச் சாதியாரின் நிலத்திற்கே கூலிக்குச் செல்ல வேண்டியிருப்பது அக்கணக்கில் வராது. 2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றமே இவ்வச்சத்திற்குச் செவிசாய்த்து, அரசு ஊழியரைக் கைது செய்ய நியமன அதிகாரியின் முன் அனுமதி வேண்டும் என்றது. ஏப்ரல் 2 முழு அடைப்பிற்குப் பின் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது. 2019 அக்டோபரில் நீதிமன்றமும் அவ்வழிகாட்டுதலைத் திரும்பப் பெற்றது. ஆயினும் பிணை விசாரணைகளில் அதே வாதத்தை இன்றும் எதிர்கொள்கிறோம். நம் தரப்போ 'சட்டம் பாயும்' என்று பதிலுக்கு அச்சுறுத்துகிறது. பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் 15ஏ பிரிவு தரும் உரிமைகளை ஊர்தோறும் சொல்லும் வேலை இன்னும் கிடக்கிறது.