காரணம் கேட்கும் உரிமை: பாஸ்போர்ட்டும் நீதிமன்றமும்

"போராட்டத்துல போட்ட கேஸ் ஒண்ணு இருக்கு, பாஸ்போர்ட் தருவாங்களா?" வெளிநாட்டுப் படிப்புக்கு உதவித்தொகை தேடும் நம் நெல்லை மாணவர்களிடம் இந்தக் கேள்வி இருக்கிறது. 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நடந்த பேரணியில் 17 உயிர்களைத் தாமிரபரணியில் பறிகொடுத்த ஊர் இது. இங்கே தெருவில் இறங்கியவர் மீது வழக்கு இருப்பது அதிசயமல்ல. அந்த வழக்கு பயணத்தையும் மறிக்குமா? பதில் சொல்லக் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

தூத்துக்குடி அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அந்தத் துறைமுகம் வழியாகவும் ஏராளமானோர் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனார்கள். தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வந்த தேர்தல் சட்டத் திருத்தம் வாக்குரிமையையும் பறித்தது. கோடாக்கன்பிள்ளை என்பவரின் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. யார் குடிமகன் என்று தீர்மானிக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று 1953இல் தீர்ப்பு வந்தது. சட்டத்தின் வாசகம் பொதுவாக இருந்தது. அடி யார் தலையில் விழுந்தது என்பது கணக்கில் வரவில்லை.

இந்தியாவில் அப்போது பாஸ்போர்ட்டுக்கென்று முறையான சட்டமே இல்லை. கொடுப்பதும் மறுப்பதும் அரசின் விருப்பம். சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் 1967 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதை மாற்றியது. வெளிநாடு செல்வது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும், சட்டம் இல்லாமல் அதை மறுக்க முடியாது என்று 5 நீதிபதிகளில் 3 பேர் சொன்னார்கள். அதே ஆண்டில் பாஸ்போர்ட் சட்டம் வந்தது.

1977இல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை "பொதுநலன்" என்று சொல்லி அரசு முடக்கியது. காரணம் கேட்டார்; அதைச் சொல்லவும் மறுத்தது. 1978 ஜனவரி 25 அன்று 7 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது: சட்டம் இருந்தால் மட்டும் போதாது, அதன் நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும், பாதிக்கப்படுபவரின் தரப்பைக் கேட்க வேண்டும். வழக்காடியவர் பிரதமர் வீட்டு மருமகளாக இருந்தவர். ஆனால் அந்தத் தீர்ப்பு சேரிப் பிள்ளைக்கும் சொந்தம்.

அது ஏட்டோடு நிற்கவில்லை. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்புவரை இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இந்தச் சட்டத்தைக் காட்டி அவருக்கு பாஸ்போர்ட் வழங்க உத்தரவிட்டது. திருநெல்வேலியும் அந்தக் கிளையின் எல்லைக்குள்தான் வருகிறது.

இனி நம் கேள்விக்கு வருவோம். வெறும் எஃப்.ஐ.ஆர். மட்டும் இருந்தால், அது "நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கு" ஆகாது என்று உயர் நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. குற்றப்பத்திரிகையை நீதிமன்றம் கோப்புக்கு எடுத்திருந்தாலும் கதவு மூடிவிடவில்லை. 1993ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி அந்த நீதிமன்றத்தின் அனுமதி பெற்று பாஸ்போர்ட் வாங்கலாம். ஆனால் விண்ணப்பத்தில் வழக்கை மறைக்காதீர்கள். மறைத்தால் அதுவே பாஸ்போர்ட்டை முடக்கக் காரணமாகிவிடும்.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நீதிமுறை ஆய்வு என்பது மேல்முறையீடு அல்ல. "இவர் தகுதியானவரா?" என்பதைவிட, "நீ சட்டப்படி, நியாயமாக முடிவெடுத்தாயா?" என்றே நீதிபதி அதிகாரியைக் கேட்கிறார். பெரும்பாலும் உத்தரவை ரத்து செய்து, மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்புவார். வெளிநாட்டு விசா மறுப்பை மதுரையில் எதிர்க்க முடியாது. அந்த நாட்டுச் சட்டப்படி அங்கேதான் எதிர்க்க வேண்டும். பிரிட்டனில் அதற்கான கெடு அதிகபட்சம் மூன்று மாதம்.

ஆகவே தோழர்களே, கவுண்டரில் வாய்மொழியாகச் சொல்லும் "முடியாது" என்பதோடு வீடு திரும்பாதீர்கள். பாஸ்போர்ட் சட்டத்தின் 5(3) பிரிவின்படி, மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். தேசப் பாதுகாப்பு போன்ற விலக்குகள் தவிர, கேட்டால் நகலும் தர வேண்டும். 11ஆவது பிரிவில் மேல்முறையீடு உண்டு. அதன் பிறகு 226ஆவது பிரிவின் கீழ் ரிட் மனு. எல்லாவற்றுக்கும் முதலில் வேண்டியது அந்தக் காகிதம். அதைக் கேட்டு வாங்குங்கள்.