பைன் மரங்களைக் கொன்றது யார்?

ஜப்பானியருக்குப் பைன் வெறும் மரமன்று. புத்தாண்டு பிறக்கும்போது வீட்டு வாயிலில் பைன் கிளையை வைத்து மங்கலம் கொண்டாடுவது அவர்கள் மரபு. கடற்காற்றும் மணலும் வயல்களை அழிக்காவண்ணம் கரையோரங்களில் பைன் தோப்புகளைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தவர்களும் அவர்களே. அத்தகைய மரங்கள் நாகசாகிப் பகுதியில் காரணம் புலப்படாமல் பட்டுப்போயின. அச்செய்தியை 1913-ஆம் ஆண்டில் யானோ என்னும் அறிஞர் எழுதி வைத்தார்.

பட்ட மரங்களைப் பிளந்தபோது உள்ளே வண்டுகளின் புழுக்கள் காணப்பட்டன. ஆகவே வண்டே குற்றவாளி என்று தீர்ப்பளித்தனர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காடுகளைப் பேணுவாரில்லாமற்போகவே, நோய் மேலும் பரவியது. ஆயினும் ஓர் ஐயம் தீரவில்லை. வண்டு முட்டையிடுமுன்பே மரத்தில் பிசின் ஊறுவது நின்றுவிடுகிறதே, அது ஏன்?

விடை 1971-இல் வெளிவந்தது. பட்ட மரத்தினுள் கண்ட நூற்புழுக்களைக் கியோஹாரா, தொகுஷிகே என்னும் இருவர் நல்ல பைன் மரங்களுள் செலுத்தினர், அவை மடிந்தன. ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள அப்புழுதான் உண்மைக் கொலையாளி!

அதன் செயல்முறையைக் கேளுங்கள். நீண்ட உணர்கொம்புடைய வண்டு ஒன்று இளங்கிளையின் பட்டையைக் கடித்துத் தின்கிறது. வண்டின் மூச்சுக்குழாய்களில் தங்கி வந்த நூற்புழுக்கள் அக்காயத்தின் வழியே மரத்தினுள் நுழைகின்றன. பிசின் நாளங்களைச் சூழ்ந்த உயிரணுக்களை உண்டு பெருகுகின்றன. பிசின் வறள்கிறது, வேரிலிருந்து நீர் ஏறும் வழிகளில் காற்று புகுந்து அடைத்துக்கொள்கிறது. ஊசியிலைகள் செம்பழுப்பாகின்றன, சில வாரங்களிலோ மாதங்களிலோ மரம் சாகிறது. சாகும் மரத்தை நாடி வண்டுகள் முட்டையிட வருகின்றன. அங்கே பிறக்கும் புது வண்டுகள், அடுத்த கோடையில் அதே புழுக்களைச் சுமந்து பறக்கின்றன. வண்டுக்கு வீடு தருவது புழு. புழுவுக்கு வாகனமாவது வண்டு. ஜப்பானில் 1979-இல் மட்டும் சுமார் 24 லட்சம் கன மீட்டர் மரம் இவ்வாறு அழிந்தது.

வியப்பு இனிமேல்தான். இப்புழுவை அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து மரத்துண்டுகளில் கண்டு, 1934-லேயே அறிஞர்கள் பெயரிட்டிருந்தனர். அங்குள்ள பைன் இனங்கள் நெடுங்காலம் அதனுடன் வாழ்ந்து பழகியவை. பெரும்பாலும் அதற்கு இரையாவதில்லை. ஆதலால் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. இரண்டு புழுக்களும் ஒன்றே என்பது 1981-இல்தான் தெளிவாயிற்று. பிறந்த நாட்டில் சாதுவாக இருந்தது, வாணிக மரத்தோடு கடல் கடந்து, பழக்கமற்ற மரங்களுக்கு எமனாயிற்று. 1982-இல் சீனத்து நான்ஜிங் நகரிலும், 1988-இல் தென் கொரியாவிலும், 1999-இல் போர்ச்சுக்கலிலும் அது கண்டுபிடிக்கப்பட்டது.

துறைமுகங்களில் வந்திறங்கும் மரப்பெட்டிகளில் கோதுமைக் கதிர் பொறித்த முத்திரையை நாம் கண்டிருக்கலாம். அம்மரம் சர்வதேச விதிப்படி பூச்சி புழு நீங்கப் பக்குவம் செய்யப்பட்டது என்பதற்கு அதுவே அடையாளம். மரத்தின் நடுப்பகுதிவரை 56 பாகை செல்சியஸ் வெப்பம் 30 நிமிடம் நிலைக்கச் செய்வது அம்முறைகளுள் ஒன்று. 2002-இல் ஏற்பட்ட அவ்விதி வருவதற்குள், எத்தனை தோப்புகள் விறகாகிவிட்டன! கண்ணுக்குத் தெரிந்த வண்டையே பழித்துக்கொண்டிருந்த அரை நூற்றாண்டுக்கு நாம் கொடுத்த விலை அது.