நோய்க்குப் பின் வீடு: செங்கல்பட்டுப் பகுதியில் மறுவாழ்வு மருத்துவத்தின் வரலாறு

நோய் நீங்கிய பின்னும் அது விட்டுச்செல்லும் தளர்ச்சி நீங்காத காலத்தில், ஒருவரை எவ்விடத்தில் வைத்து, எவருடைய துணையோடு பழைய உழைப்புக்கு மீட்பது என்னும் வினா கோவிட் பெருந்தொற்றோடு பிறந்ததன்று. வடக்கே தாம்பரம் முதல் தெற்கே படாளம், மதுராந்தகம் வரையிலும், கிழக்கே மாமல்லபுரக் கடற்கரை வரையிலும் விரியும் செங்கல்பட்டுப் பகுதியில் அவ்வினாவுக்கு ஏறத்தாழ நூறாண்டு வரலாறு உண்டு. குன்றிய மூச்சுத்திறனையும் தசைவலிமையையும் அன்றாடச் செயல்திறனையும் பயிற்சியால் மீட்கும் மறுவாழ்வுச் சிகிச்சையைத் தொலைவிலிருந்து காணொளி வழியாக வீட்டிலேயே அளிக்கும் இன்றைய முறையை முற்றிலும் புதியதாகக் கருதுவோர் இவ்வரலாற்றைக் கணக்கில் கொள்வதில்லை.

இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுப் பகுதியில் காசநோயாளிகளுக்கான ஆரோக்கிய நிலையம் நடத்தியவரும், முதல் உலகப்போர்க் காலத்தில் அங்கு நோயுற்றிருந்த கணித மேதை இராமானுசனுக்குச் சிகிச்சை அளித்தவருமான டேவிட் சௌரிமுத்து, தாயகம் திரும்பி 1928இல் தாம்பரத்தில் அத்தகைய நிலையம் ஒன்றைத் தனியார் முயற்சியாக நிறுவினார். 1937இல் சென்னை மாகாண அரசு அதை ஏற்றுக்கொண்டது. காசநோய்க்கு மருந்தே இல்லாத அக்காலத்தில் ஓய்வு, திறந்தவெளிக் காற்று, சத்துணவு ஆகியவையே சிகிச்சையாக இருந்தன. காய்ச்சல் தணிந்த பின்னரே நோயாளி சிறிது தூரம் நடக்க அனுமதிக்கப்படுவதும், உடல் தாங்குவதைப் பார்த்து அந்தத் தூரம் கூட்டப்படுவதும் ஆரோக்கிய நிலையங்களின் பொது வழக்கம். ஓய்வு முதலில், உழைப்பு பிறகு, அதுவும் அளந்து என்ற இந்த வரிசை பின்னாளில் வேறொரு நோய்க்கும் தேவைப்பட்டது. எனினும் கட்டில்கள் சில, நோயாளிகள் பலர். குடும்பத்துக்குச் சம்பாதிப்பவர் மாதக்கணக்கில் படுத்திருக்க ஏழைக் குடும்பத்தால் இயலாது. தாம்பரம் சானடோரியம் என்ற இரயில் நிலையப் பெயரில் அக்காலம் இன்றும் நிலைத்திருக்கிறது.

கட்டில் பற்றாக்குறை, குடும்ப வறுமை என்னும் அந்த இடர்ப்பாட்டைத் தீர்த்த ஆய்வு சென்னையிலேயே நடந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை இணைந்து 1956இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வாலஸ் ஃபாக்ஸ் என்னும் மருத்துவரின் தலைமையில், நெரிசல் மிக்க ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை ஆரோக்கிய நிலையத்திலும் மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்து, இருசாராருக்கும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகளைக் கொடுத்தது. நிலையத்தில் இருந்தவர்களுக்கு ஓய்வும் நல்ல உணவும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்களோ குறைவாக உண்டு அதிகமாக உழைத்தனர். அவ்வாறிருந்தும் இரு பிரிவிலும் மிகப் பெரும்பாலோர் தேறினர் என்பதும், வீட்டுச் சிகிச்சையால் குடும்பத்தாருக்குத் தொற்றும் ஆபத்து கூடவில்லை என்பதும் 1959இல் வெளியான முடிவுகளில் தெரியவந்தன. உலகெங்கும் காசநோய் ஆரோக்கிய நிலையங்கள் மூடப்பட இவ்வாய்வு வலுவான காரணமாயிற்று. வீட்டுச் சிகிச்சை என்பது மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவதாக இங்கு இருக்கவில்லை; பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடு தேடிச் சென்று எஞ்சிய மாத்திரைகளை எண்ணினர், மருந்து உட்கொள்ளப்பட்டதா என்று அறியச் சிறுநீரைச் சோதித்தனர். இவ்வாய்வைப் போற்றும் பலர் மருந்தின் வெற்றியை மட்டுமே பேசுகின்றனர். வாசல்வரை சென்ற அப்பணியாளர்களின் பங்கு அதற்குக் குறைந்ததன்று.

செங்கல்பட்டை அடுத்த திருமணியில், 1955 முதல் மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக இயங்கிவரும் பழைய லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இவ்வரலாற்றின் மற்றொரு முகம். தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் பொறுப்பிலிருந்த அம்மருத்துவமனைக்கு 1947இல் வந்த வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர் பால் பிராண்ட், நோயாளிகளின் விரல்கள் மடங்கிப்போனது நரம்புச் செயலிழப்பினால் என்பதையும், முன்கையில் வலுவான தசைகள் இன்னும் எஞ்சியிருப்பதையும் கண்டார். அத்தசைகளின் நாண்களை எடுத்து விரல்களில் பொருத்தும் அறுவைச் சிகிச்சையை அவர் பின்னர் வேலூரில் வளர்த்தெடுத்தார். நாணை மாற்றியதும் கை தானாக இயங்கிவிடாது. புதிய வழியில் விரலை மடக்கவும் நீட்டவும் வாரக்கணக்கில் இயன்முறைப் பயிற்சி வேண்டும். வலியுணர்வு இழந்த கை கால்களை நாள்தோறும் பார்த்துப் புண் இருக்கிறதா என்று தேடுவதும், நீரில் ஊறவைத்து எண்ணெய் தடவுவதும், எம்.சி.ஆர். என்னும் மென்ரப்பர் செருப்பு அணிவதும் வாழ்நாள் முழுவதும் வீட்டில் நோயாளியே செய்யவேண்டியவை. கிருமி ஒழிந்த பின்னும் மருத்துவத்தின் கடமை முடிவதில்லை என்ற புரிதல் இப்பகுதிக்குத் தொழுநோயால் கிடைத்தது.

அப்புரிதல் மீண்டும் தேவைப்பட்டது கோவிட் பரவியபோதுதான். அப்போது சென்னையை ஒட்டிய செங்கல்பட்டு மாவட்டம், 2019 நவம்பர் 29இல் உருவாகிச் சில மாதங்களே ஆகியிருந்த நிலையில், மாநிலத்தில் தொற்று மிகுந்த மாவட்டங்களுள் ஒன்றாயிற்று. தொற்று கண்டதிலிருந்து வழக்கமாக மூன்று மாத அளவில் காணப்பட்டு, குறைந்தது இரண்டு மாதங்கள் நீடித்து, வேறு நோயால் விளக்க முடியாத சோர்வு, மூச்சுத்திணறல், மறதி முதலானவற்றை நீடித்த கோவிட் என உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வரையறுத்தது. அந்நோயாளிகளில் சிலருக்குச் சிறு உழைப்பும் மறுநாள் கடும் தளர்ச்சியைக் கொண்டுவருகிறது; அவர்களைப் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சிக்கு வற்புறுத்துவது தீங்கு. இங்கிலாந்திலும் வேல்சிலும் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி மூன்று மாதங்களுக்கு மேலாகியும் தேறாத 585 பேரிடம் நடத்தப்பட்டு 2024இல் வெளியான ஆய்வொன்றில், பயிற்சியாளர் நேரலையில் எட்டு வாரம் குழுவாக நடத்திய வீட்டுவழி உடற்பயிற்சியும் மனநல ஆதரவும் வாழ்க்கைத் தரத்தை உயர்த்தின. அந்தப் பயன் ஓராண்டுக்குப் பின்னும் நீடித்தது. மருத்துவமனையில் சேராமலே நோயுற்றவர்களுக்கு அம்முடிவை அப்படியே பொருத்துவது சரியாகாது.

இந்தியாவில் தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிகள் 2020 மார்ச் 25இல் வெளியாயின. அதே ஆண்டில் இசஞ்சீவனி என்னும் தொலைமருத்துவச் சேவை வழியாக வீட்டிலிருந்தே மருத்துவரைக் காணொளியில் கலந்தாலோசிப்பதும் வழக்கத்துக்கு வந்தது. ஆனால் படாளம் போன்ற ஊர்களுக்குத் திரை மட்டும் போதாது. பாலாற்றுக்குத் தெற்கே கூட்டுறவுச் சர்க்கரை ஆலையையும் வேடந்தாங்கலுக்குப் பிரியும் கூட்டுச்சாலையையும் கொண்ட இவ்வூரைச் சுற்றிலும் கரும்பும் நெல்லும் விளைவிக்கும் குடும்பங்கள் வாழ்கின்றன. அத்தகைய வீடுகளில் கைப்பேசி ஒன்றிருந்தாலும் அது பெரும்பாலும் வேலைக்குப் போகிறவரோடு போய்விடுகிறது, மூச்சிரைப்பவர் வீட்டில் தனித்திருக்கிறார். 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் இக்குறையை நிரப்பக்கூடிய மாநில அரசுத் திட்டம். இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து கொண்டுவரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலரோடு, இயன்முறை மருத்துவரும் வலிநிவாரணச் செவிலியரும் வீடு தேடி வருவது அதன் அமைப்பு. 2024இல் அதற்கு ஐக்கிய நாடுகளின் பணிக்குழு விருதும் கிடைத்தது.

ஆகவே நீடித்த கோவிட்டுக்குத் தனித் திட்டம் தேவையில்லை. தன்னார்வலர் மாத்திரை கொடுக்க வரும் அதே நாளில், கோவிட்டுக்குப் பின் படி ஏறினால் மூச்சிரைக்கிறதா, வேலை செய்த மறுநாள் எழுந்திருக்க முடியாமல் போகிறதா என்ற இரு கேள்விகளையும் கேட்டுப் பதிவுசெய்து, ஆம் என்போரைத் தம் கையிலுள்ள கைப்பேசி வழியாக இயன்முறை மருத்துவரோடு பேசவைக்கும்படி மாவட்டச் சுகாதாரத் துறை ஆணையிட வேண்டும்.