உணவுவேளையும் வருமானவரியும்: அமெரிக்கப் பொலிசாரின் இரு வழக்குகள் பற்றிய ஒரு நோக்கு

உழைப்பவன் உண்ணும் வேளை அவனுக்குரியதா, அவனை வேலைக்கமர்த்தியவருக்கு உரியதா என்னும் வினா தொழிலாளர் வரலாற்றிலே பழமையானது. வரிச்சட்டத்தினுள்ளும் அவ்வினா எழுந்தமையை ஐக்கிய அமெரிக்கப் பொலிசார் சம்பந்தப்பட்ட இரு வழக்குகள் காட்டுகின்றன.

நியூ ஜேர்சி மாநிலப் பொலிசார் 1949க்கு முன்னர் அரசு நடத்திய உணவுநிலையங்களில் உண்டனர். உணவுக்காக அவர்கள் சுற்றுக்காவற் பகுதியை விட்டு நீங்குவதை விரும்பாத மாநில அரசு, அந்நிலையங்களை மூடிவிட்டு உணவுப்படியைப் பணமாக வழங்கலாயிற்று. மாற்றம் அரசின் தேவையால் விளைந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. 1954ஆம் ஆண்டின் வரிச்சட்டக்கோவை இத்தகைய படியில் நாளொன்றுக்கு 5 டொலர் வரை விலக்களித்தது. 1958இல் காங்கிரசு அவ்விலக்கை நீக்கியது. வேலையளிப்பவரின் வசதிக்காக வேலைத்தலத்தில் வழங்கப்படும் உணவுக்குரிய விலக்கு மட்டும் எஞ்சியது. 1977இல் கோவால்ஸ்கி வழக்கில், அவ்விலக்கு உணவுக்கேயன்றிப் பணத்துக்கன்று என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதியரசர் இருவர் மாறுபட்டனர். விடுமுறை நாட்களிலும் அப்படி குறைக்கப்படாது கிடைத்தமை அதனைச் சம்பளமாகக் கொள்வதற்குத் துணைநின்றது எனலாம்.

மினசோட்டா நெடுஞ்சாலைப் பொலிசாரின் வழக்கு வேறு வகையினது. அவர்கள் கோரியது வருமானத்திலிருந்து விலக்கையன்று. தம் செலவைத் தொழிற்செலவாகக் கழிக்கும் உரிமையையே. நெடுஞ்சாலையோர உணவகங்களில், பொதுமக்கள் அணுகக்கூடியவாறு அமர்ந்து உண்ணவேண்டுமென அவர்களுக்குக் கட்டளையிருந்தது. உண்ணும்போதும் அவர்கள் கடமையிலிருந்தனர். ஆகவே அச்செலவு கழிக்கத்தக்கதென எட்டாவது வட்ட மேன்முறையீட்டு நீதிமன்றம் 1988இல் முடிவுசெய்தது. சாதாரண உணவுச் செலவு சொந்தச் செலவே என்னும் பொதுவிதிக்கு இஃது ஓர் அரிய புறநடையாகும்.

எனினும் அவ்வெற்றி நிலைத்துப் பயன்தரவில்லை. 1986ஆம் ஆண்டுச் சீர்திருத்தம், ஊழியரின் இத்தகைய செலவுகளுள் வருமானத்தின் நூற்றுக்கு 2 வீதத்தை விஞ்சிய பகுதியை மட்டுமே கழிக்க இடமளித்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2018 முதல் அதனையும் இடைநிறுத்தியது. 2025இல் அந்நிறுத்தம் நிரந்தரமாக்கப்பட்டது. தீர்ப்பு மாற்றப்படவில்லை, அது பயன்படும் களமே அகற்றப்பட்டது.

சொந்தத் தொழில் நடத்துவோர் தொழிற்செலவை இன்றும் கழிக்கின்றனர். ஊதியம் பெறுவோர்க்கு அவ்வழி அடைக்கப்பட்டுள்ளது. பொலிஸ் என்பது அரசின் கரமே. ஆயினும் அக்கரமாய் இயங்குபவனும் ஊதியத்தால் வாழ்பவனே. அவனது உணவுவேளையை அரசு கடமைக்கென எடுத்துக்கொள்கின்றது. வரி விதிக்கும்போது மட்டும் அதனை அவனது சொந்தவேளை எனத் திருப்பிக் கொடுக்கின்றது. இம்முரண்பாட்டிலேயே இவ்வழக்குகளின் வரலாற்று முக்கியத்துவம் தங்கியுள்ளதென நாம் கருதுகின்றோம்.